இறக்கி வைக்காமல்

இன்றைக்கு இறக்கி வைக்கக் கூடாது. முதல் படியில் காலை வைக்கும்போதே கன்னியப்பன் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். தோளில் இருந்த கேஸ் சிலிண்டரைத் தவிர அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. வாட்ச்மேன் கேட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் தானாகத் திறந்து, ஆள் இல்லை என்று பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது. இந்தக் குடியிருப்பில் லிஃப்டில் சிலிண்டர் ஏற்றக் கூடாது. நாய் ஏறலாம், கட்டில் ஏறலாம், போன மாதம் ஒருத்தர் வாழைத்தார் இரண்டை ஏற்றிக்கொண்டு போனார், சிலிண்டர் மட்டும் ஆகாது, வெடித்துவிடுமாம். படியில் ஏறினால் வெடிக்காதா என்று கன்னியப்பன் கேட்டதில்லை, கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது. கொஞ்ச நேரம் முன்னால்தான் கீழ் வீட்டு ரேவதி டீச்சருக்கு ஒரு சிலிண்டரைக் கொடுத்துவிட்டு, அவருடைய காலியை வாங்கிப் படிக்கட்டுக்கு அடியில், நாலாவது மாடிக்குப் போகவேண்டியதன் பக்கத்திலேயே வைத்தார். உடனே கொண்டுபோய் லோடு ஆட்டோவில் போட்டிருக்கலாம். ஆனால் நாலாவது மாடிக் காலியும் வந்ததும் இரண்டையும் ஒரே நடையில் கொண்டுபோகலாமே. முட்டி போனதிலிருந்து அவர் நடையை இப்படித்தான் மிச்சம் பிடிக்கிறார், மற்றவர்கள் எண்ணெயை மிச்சம் பிடிப்பதைப் போல. டீச்சர் காலியைக்கூடத் துடைத்து, மூடியைப் போட்டு, நூலை இறுக்கிக் கட்டித்தான் கொடுப்பார், நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்ட கை. அப்போது பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் தவராசா, நார்வேயிலிருந்து. அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்து, போனைத் திரும்பப் பைக்குள் போட்டு, துண்டைத் தோளில் மடித்து வைத்து, குனிந்து தூக்கினார். தூக்கினால், அட, ஒரே எக்கில் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது! இப்படி ஏறி எத்தனை காலம் ஆயிற்று. அப்போதுதான் அவருக்கு அந்த ஆசை வந்தது: இன்றைக்கு நடுவில் எங்கேயும் இறக்கி வைக்காமல் நாலு மாடியும் ஏறிவிட வேண்டும்.

மாத்திரைதான் வேலை செய்கிறது என்று நினைத்தார். இல்லாவிட்டால் மனைவி சகுந்தலா நேற்று வறுத்துக் கொடுத்த உப்பு ஒத்தடம். அவள் துணியில் உப்பைக் கட்டி முட்டியில் வைத்து வைத்து எடுக்கும்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை, பேசினால் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரியும், அழுதால் இவர் கத்துவார் என்றும் தெரியும். பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, படி ஏறாதீங்க, வெயிட் தூக்காதீங்க, இது ரெண்டை மட்டும் பார்த்துக்கோங்க போதும் என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் மனுஷன். கன்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்த வேலை மொத்தமே இந்த இரண்டுதான்; மீனைப் பார்த்து, தண்ணீர்ப் பக்கம் மட்டும் போகாதே, மற்றபடி சௌக்கியமாக இரு என்பதைப் போல. கழுத்தில் நரம்பு அழுத்துகிறது என்றும் சொன்னார், அதனால்தான் வலது தோளிலிருந்து விரல்வரை மதமதப்பு. அந்த மதமதப்பை கன்னியப்பன் யாரிடமும் சொல்லவில்லை. வலித்தால்கூட ஒன்று இருக்கிறது என்று தெரியும், மரத்துப்போனால் தோள் இருக்கிற இடத்தில் யாரோ தலையணையை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நல்லாயிருக்கிறது. முதல் மாடித் திருப்பம் வந்துவிட்டது, மூச்சு சரியாக இருக்கிறது, யாரோ வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள், குக்கர் விசில் போடுகிறது. நான் கொண்டுவந்த நெருப்பு என்று முன்பெல்லாம் ஒரு பெருமை தோன்றும் அவருக்கு, படியேறும்போது ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தாளிக்கிற சத்தம் கேட்டால். இப்போது கதவைப் பார்த்தாலே, உள்ளே இருப்பவர்கள் போனில் நம்மைப் பற்றி எதையாவது எழுதிக்கொண்டிருப்பார்களோ என்றுதான் தோன்றுகிறது. எழுதினார்களே. இந்த நாலாவது மாடிப் பெண்தானே எழுதியது. கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அதுதான் முள்ளாக உறுத்துகிறது, கெட்ட எண்ணம் என்றால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். ஏஜென்ஸி முதலாளியின் மகன் கிஷோர், இவர் மடியில் உட்கார்ந்து லோடு வண்டி ஹாரனை அழுத்தி விளையாடிய பிள்ளை, எல்லோரும் நிற்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டினான்: பாவம், ரொம்ப வயதானவர், நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, தயவுசெய்து இவரை மாடி வீடுகளுக்கு அனுப்பாதீர்கள். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அண்ணா, இந்த ஏரியால மாடி இல்லாத வீடு ஏது, நீங்களே சொல்லுங்க. இன்னொரு தபா இதுமாதிரி வந்துச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றான் கிஷோர். ரெஸ்ட். தலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது அந்தச் சொல். ரெஸ்ட் எடுத்தால் அடுப்பில் என்ன எடுப்பது. மகன் தனியாகப் போய்விட்டான், அவன் பாடே அவனுக்குப் பெரும்பாடு. சகுந்தலாவுக்கு இருக்கும் சர்க்கரை ரெஸ்ட் எடுக்குமா. ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்க என்று படி ஒவ்வொன்றும் சொல்வதுபோல இருந்தது, எடுக்க மாட்டேன் போ என்று ஒவ்வொன்றையும் மிதித்து ஏறினார்.

போன் மறுபடி அடித்தது, நெஞ்சுக்கு மேல் குறுகுறுவென்று. அடி, அடி, எடுக்க முடியாது. ஒரு கை சிலிண்டரின் வளையத்தில், ஒரு கை கம்பியில். தவராசாவும் ஒரு காலத்தில் இதே ஏஜென்ஸியில் இதே படிகளை ஏறியவன்தான், யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்து மண்ணடியில் ஒண்டியிருந்த நாட்களில். மெலிந்த ஆள், ஆனால் எறும்பு மாதிரி தூக்குவான். குடோனில் இரண்டு பேரும் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு பந்தயம் வைப்பார்கள், எது நிறைந்தது, எது காலி, எதில் கேஸ் குறைவு என்று. கன்னியப்பன் தோற்றதே இல்லை. அடி வளையத்தில் விரலைக் கொடுத்து லேசாக நெம்பினாலே சொல்லிவிடுவார். ஆலையிலிருந்து கேஸ் குறைவாக வந்ததைக்கூடத் தோளில் வைத்துவிட்டு, இது சரியில்லை, தராசில் போடு என்று தனியே எடுத்து வைப்பார், போட்டால் அப்படியே இருக்கும். கண்ணால் இன்னாத்துக்குப் பார்க்கணும், தோள் சொல்லுதே என்பார். பழைய முதலாளி இவரைக் காட்டித்தான் புதுப் பையன்களுக்கு வேலை சொல்வார். தவராசா அப்புறம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டான், நார்வேயில் ஒரு மீன் ஆலை, குளிரில் நின்று பெட்டி பெட்டியாகத் தூக்கி அடுக்கினான், தோள் போய்விட்டது. அங்கே தோள் போனால் சும்மா விட மாட்டார்களாம், ஆபீஸில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்களாம். அதைச் சொல்லும்போது தவராசாவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒரு பிள்ளை, என்ரை மகளை விட வயது குறைஞ்சவள், கம்ப்யூட்டரைப் பாத்துக்கொண்டு கேக்கிறாள், உங்களால என்ன செய்ய முடியும் எண்டு. நான் சொன்னன், பெட்டி தூக்கேலாது, கையை உயத்தேலாது, கன நேரம் நிக்கேலாது. அவள் சொல்றாள், ஏலாததைக் கேக்கேல்லை, ஏலுமானதைச் சொல்லுங்கோ எண்டு. அடேய் கன்னியப்பன், எனக்கு மறுமொழி வரேல்லையடா." இப்போது அவனைப் பழைய துணிக் கடையில் விட்டிருக்கிறார்கள், அரை நாள், மற்றவர்கள் போட்டுக் கழித்த சட்டைகளைப் பிரித்துத் தொங்கவிடும் வேலை, மீதி அரை நாளுக்கு அரசாங்கம் கொடுக்கிறது. கேட்டதும் கன்னியப்பனுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, கொடுத்துவைத்த பயல் என்று நினைத்தார். அவன் அதைப் புரிந்துகொண்டவன் போலச் சொன்னான்: "நீ அங்கை நோவு இல்லையெண்டு நடிக்கிறாய். நான் இஞ்சை நோவு இருக்கெண்டு நடிக்க வேண்டிக் கிடக்கு. உள்ள நோவைத்தானடா நடிச்சுக் காட்டுறன், அப்பவும் அவையள் நம்புகினமில்லை." அதற்கு இவர் என்ன பதில் சொன்னார்? மழையா அங்கே என்று கேட்டார். உங்களால என்ன செய்ய முடியும். என்னை யாராவது அப்படிக் கேட்டால் என்ன சொல்வேன் என்று இரண்டாவது மாடியில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தார். தூக்க முடியும். ஏற முடியும். வேறு? சகுந்தலாவின் தம்பி துபாயில் கம்பி கட்டினான், இடுப்பு வட்டு நகர்ந்தது, அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை, அடுத்த வாரமே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வந்தவன் இன்றுவரை குப்புறப் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிறான். கேட்கிற ஊரும் இருக்கிறது, கேட்காமல் ஏற்றிவிடுகிற ஊரும் இருக்கிறது, தோள் என்னவோ எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போகிறது.

மூன்றாவது மாடிக்கு ஏறும்போது முட்டி பேச ஆரம்பித்தது. முதலில் ஒரு கடகட, அப்புறம் உள்ளே கண்ணாடித் தூளைக் கொட்டி அரைக்கிற மாதிரி ஒரு வலி. இடது காலை வை, வலதை இழு, இடது காலை வை, வலதை இழு. இங்கேதான் போன தடவை முதலில் இறக்கினார், இந்தச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். இறக்கிவிட்டால் மறுபடி தூக்குவதுதான் பாடு, தரையிலிருந்து தோளுக்கு வருவதற்குள் உயிர் போய் வரும், அதனால் தொழில் தெரிந்தவன் நடுவில் இறக்க மாட்டான், இறக்கினான் என்றால் அவன் முடிந்துபோனவன் என்று பையன்களிடம் இவரே சொல்லியிருக்கிறார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை இல்லை. இதயம் காதுக்குள் வந்து அடிக்கிறது. கீழே அத்தனை சுலபமாக வந்தது, இப்போது என்ன இந்தக் கனம் கனக்கிறது, மாத்திரையின் வேகம் அதற்குள்ளேயா தீர்ந்துபோகும். கால் வழுக்கினால்? அந்த பயம் எப்போதும் மூன்றாவது மாடியில்தான் வருகிறது. தான் விழுவதைப் பற்றிக்கூட இல்லை, இது கையை விட்டுப் போய்ப் படிப்படியாக உருண்டு இறங்கினால், கீழே ஒரு குழந்தை ஏறி வந்துகொண்டிருந்தால். கண்ணை மூடித் திறந்தார். மூடவே கூடாது, மூடினால் சுற்றுகிறது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, சிலிண்டர் கம்பியில் போய் இடித்தது. ணங் என்று ஒரு சத்தம், படிக்கட்டு முழுக்க இழுத்துக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அப்படித்தான் அடிக்கும், கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், இவர் ஐந்தாவதோடு நின்றுவிட்டார், அந்த மணி இன்னும் எங்கேயோ அடித்துக்கொண்டேதான் இருக்கிறது போலிருக்கிறது. ஒரு வீட்டுக் கதவு திறந்தது, ஒரு முகம் எட்டிப் பார்த்தது, மூடியது. பார்க்கட்டும். நிற்கவில்லை பாருங்கள், நின்றேனா? உட்கார்ந்தேனா? ரெஸ்ட் எடுத்தேனா? இன்னும் ஒரு மாடி. ஏறிவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று ஏனோ அவர் மனசுக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது, யார் போட்ட கணக்கோ. ஏறிவிட்டால் அந்தப் பெண் பார்ப்பாள், பார்த்துவிட்டு எழுதுவாள், இவர் பரவாயில்லை, தவறாக எழுதிவிட்டேன் என்று எழுதுவாள், கிஷோர் அதையும் சத்தமாகப் படிப்பான். எழுதட்டும், படிக்கட்டும். இடது காலை வை. வலதை இழு.

கடைசிப் படிகளில் எதையும் நினைக்கவில்லை. சுவரில் யாரோ பென்சிலால் கிறுக்கிய பூனை ஒன்று மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனார். பிறகு படி இல்லை. காலைத் தூக்கி வைத்தால் சமதரை. கோலம் போட்ட வாசல், துளசித் தொட்டி, அந்தக் கதவு. ஏறிவிட்டார். ஒரு இடத்தில்கூட இறக்கவில்லை! வாய் கோணி அழுகை மாதிரி ஒரு சிரிப்பு வந்தது, அதை விழுங்கிக்கொண்டு, சிலிண்டர் தோளில் இருக்கும்போதே மணியை அழுத்தினார். தோளில் வைத்துக்கொண்டு நிற்பதை அவள் பார்க்க வேண்டும்.

கதவைத் திறந்தவள் ஸ்ரீநிதி, கழுத்தில் ஹெட்போன் தொங்க, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்.

"ஐயோ அண்ணா, நீங்களா! மெதுவா, மெதுவா. இப்படி மூச்சு வாங்குதே, உக்காருங்க முதல்ல."

"இன்னாத்துக்கும்மா உக்காரணும்? கீழேர்ந்து நேரா வரேன். ஒரு எடத்துல எறக்கல." சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தார், வாய் சொல்லிவிட்டது.

"அப்படியா அண்ணா? சூப்பர்" என்றாள் அவள். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள். கன்னியப்பன் வாசலுக்கு உள்ளே போய்ச் சிலிண்டரை இறக்கினார். ணங் என்றது தரை. அவள் தன் காலி சிலிண்டரை ஏற்கெனவே உருட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். வழியை அடைக்கிறதே என்று இவர் இறக்கி வைத்ததைக் கொஞ்சம் தள்ள வளையத்தைப் பிடித்து இழுத்தாள். அது அவளோடு வந்தது. மறுபடி இழுத்தாள். ஒரு கையால் தூக்கினாள், தரையை விட்டு எழும்பியது. அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்த பார்வையில் சந்தேகம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

"அண்ணா... இது காலியா இருக்கே."

"காலியா? இன்னாமா சொல்றே." மூடி இருக்கிறது, நூல் இருக்கிறது. நூல் இறுக்கிக் கட்டியிருந்தது, இரண்டு முடிச்சு, டீச்சர் முடிச்சு. கன்னியப்பன் குனிந்தார். பழைய பழக்கத்தில் அடி வளையத்தில் விரலைக் கொடுத்தார், விரல் எதையும் சொல்லவில்லை, தோளும் சொல்லவில்லை. விரலை மடக்கிக் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்று பாடியது. நிறைந்தது தட்டினால் தொம் என்று சொல்லும், காலிதான் இப்படிப் பாடும், ஏஜென்ஸியில் சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிடுகிற விஷயம். நிறைந்தது கீழே படிக்கட்டுக்கு அடியில் நின்றுகொண்டிருக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதிக் கனத்தைத்தான் உயிரைக் கொடுத்து இவ்வளவு உயரம் தூக்கி வந்திருக்கிறார். அந்த எக்கு, அந்த மாத்திரை, அந்த உப்பு ஒத்தடம், எல்லாம் இதுதான். அவமானம் சூடாகக் கழுத்துவரை ஏறி வந்தது.

"மாத்தி எட்த்துனு வந்துட்டேம்மா. ரெண்டும் பக்கத்துல இருந்துச்சு, போன் வேற வந்துச்சா... இதோ போய் நல்லதை எட்த்துனு வரேன்."

"மறுபடியும் கீழ போய் ஏறணுமா? வேணாம்ணா. உங்க முகமே ஒரு மாதிரி இருக்கு. இருங்க, நான் ஆபீஸுக்குப் போன் பண்ணி வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன். உங்களைத் தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன், நல்ல விதமாத்தான் சொல்வேன்."

"வேணாம்!" என்று கத்திவிட்டார் கன்னியப்பன். இத்தனை வருஷத்தில் ஒரு வாசலிலும் அவர் குரலை உயர்த்தியதில்லை. அவள் ஓரடி பின்னால் போனாள், போன் அவள் கையில்தான் இருந்தது. "வேணாம்மா" என்றார் மறுபடி, மெதுவாக, "அவங்களுக்குச் சொல்லாதே. நான் ஏறி வரேன். பத்தே நிமிஷம். உன் காலியை அப்பால எட்த்துக்கறேன்."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக் குனிந்தார். இப்போது தெரியும் இது காலி என்று. பையன்கள் இதை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு விசிலடித்துக்கொண்டே இறங்குவார்கள். முதல் எக்கில் வரவில்லை. இரண்டாவது எக்கில் தொடைவரை வந்தது, அங்கிருந்து தோளுக்குத் தள்ளிவிட்டார். கதவு பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. பென்சில் பூனையைத் தாண்டி, மூன்றாவது மாடியைத் தாண்டி, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு மோசம், அதையும் டாக்டர் சொல்லியிருந்தார். சட்டைப் பையில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் தவராசா கேட்பான், என்னடாப்பா செய்யிறாய் என்று, எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பான். அது ஓய்ந்தபோதுதான் மேலிருந்து, திறந்த ஜன்னல் வழியாகப் படிக்கட்டுக்குள், அந்தப் பெண்ணின் குரல் காதில் விழுந்தது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள், ரொம்பத் தணிவாக, ரொம்ப அக்கறையாக. என்ன சொல்கிறாள் என்று முழுதும் பிடிபடவில்லை, நடுவில் பாவம் என்ற ஒரு சொல் வந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் வந்தது. கன்னியப்பன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். அந்தக் காலி சிலிண்டரைத் தோளிலிருந்து எடுத்து, சத்தம் வராமல், படியில் இறக்கி வைத்தார். பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.